சுண்ணாம்புத் தண்ணீரும் கறுப்புப் பைப்பும்

லண்டனில் குளியலறையை உடைத்துக் கட்டுகிறவர்கள் எல்லோரிடமும் ஒருநாள் அந்தக் கேள்வி வந்து நிற்கும்: "என்ன ஃபினிஷ்?" டைல் தெரிந்தாயிற்று, கழிவுத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று முடிவாயிற்று, இனி வேலை தொடங்கலாம் என்று நினைக்கும் நேரத்தில் பிளம்பர் தொலைபேசியில் இதைக் கேட்பார். கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பார்கள். குரோம், பிரஷ்ட் நிக்கல், பிரஷ்ட் பிராஸ், கன்மெட்டல், மாட் பிளாக். உள்ளே ஒரே வால்வு, ஒரே குழாய். மேலே இருக்கிற தோல் மட்டும் வேறு. அந்தத் தோலுக்காக விலை குரோமில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் இதற்குப் பதில் சொல்ல மூன்று கிழமை எடுத்தது. என் கணவருக்கு அந்த மூன்று கிழமையும் வீண். "தண்ணி வந்தாச் சரிதானே" என்பது அவருடைய கட்சி. தொண்ணூறுகளில் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கிய எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அந்தக் கட்சிதான். ஒரு வீட்டில் மூன்று குடும்பம், ஒரு பாத்ரூம், காலையில் கதவுக்கு வெளியே துவாயோடு வரிசை என்று இருந்தவர்களுக்குப் பைப்பின் நிறம் கண்ணில் படாது. முதலில் வாங்கிய வீடுகளில் எழுபதுகளின் அவகாடோப் பச்சைத் தொட்டியும் கழுவு பேசினும் இருந்தன. பேசினில் சுடுதண்ணிக்கு ஒரு பைப், பச்சைத்தண்ணிக்கு ஒரு பைப். ஒன்றில் கை வெந்துபோகும், மற்றதில் விறைத்துப்போகும். அதையும் பழகிக்கொண்டோம்.

எங்களுடையது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஈஸ்ட் ஹாம் நகர மண்டபம் 1903இல் திறக்கப்பட்டது; சுற்றியுள்ள தெருக்களில் பலவும் ஏறத்தாழ அந்தக் காலத்தவை. கட்டியபோது இந்த வீடுகளில் பலவற்றுக்குள் குளியலறை என்று ஒன்று இருக்கவில்லை. பிறகு வந்தவர்கள் குசினிக்குப் பின்னால் ஒட்டியதுதான். ஐந்தடி அகலம், ஏழரையடி நீளம், பின்வளவைப் பார்த்த ஒரு சின்ன யன்னல். பல வருடம் இந்தக் கீழ் பாத்ரூமை எல்லோரும் குறை சொன்னோம். இரவில் எழும்பினால் படி இறங்கி, குசினியைக் கடந்து போகவேண்டும். ஆனால் அம்மாவை முன் அறைக்குக் கொண்டுவந்த பிறகு அதே குறை வசதியாகிவிட்டது. அவருக்குப் படி ஏற வேண்டியதில்லை.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. நீர்வேலி. கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு போகிற வருத்தம், ஊசி போட்டு நிறுத்தக்கூடிய வகை அல்ல, உலர்ந்த வகை. இந்த வருத்தம் ஒரு விசித்திரமானது. ஓரப் பார்வை இருக்கும், நடுப்பார்வை போகும். அறைக்குள் யார் வந்தாலும் அம்மாவுக்குத் தெரியும். வந்தவரின் முகம் தெரியாது. கதவு தெரியும், கைபிடி தெரியாது. நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசமும் மங்கிப்போகும். வெள்ளைத் தட்டில் வெள்ளைப் புட்டு வைத்தால் பாதியை விட்டுவிடுவார். நீலத் தட்டில் வைத்தால் மிச்சமில்லாமல் சாப்பிடுவார். பசியில்லை என்று நாங்கள் நினைத்திருந்த சில மாதங்களுக்குத் தட்டுத்தான் விளக்கம்.

கடந்த மாரியில் அவர் பாத்ரூமில் வழுக்கினார். விழவில்லை, தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டார். ஷவரின் கைபிடியைப் பிடிக்கக் கை நீட்டியதாகச் சொன்னார். கை போன இடம் வெறும் சுவர்.

அதற்குப் பிறகுதான் தொட்டியை எடுத்துவிட்டுத் தரையோடு தரையான ஷவர் போடுவது என்று முடிவானது. கவுன்சிலிலிருந்து ஓ.டி. என்று சொல்லப்படும் அலுவலர் ஒரு பெண் வந்து பார்த்தார். வயதானவர்கள் வீட்டுக்குள் நடமாடுவதற்கு எதைத் திருத்த வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர்களுடைய தொழில். வாசகர்களில் யாருக்காவது உதவும் என்பதால் அவர் சொன்ன காசுக் கதையையும் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1,000 பவுணுக்குள் முடிகிற சின்னத் திருத்தங்கள், சுவரில் கைபிடி பூட்டுவது போன்றவை, தேவை என்று கவுன்சில் கண்டால் இலவசம். பெரிய வேலைக்கு 30,000 பவுண் வரை மானியம் உண்டு, ஆனால் வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள். நாங்களே காசு போட்டுச் செய்தாலும், அறுபது வயதைத் தாண்டியவருக்காகப் பூட்டுகிற கைபிடி போன்ற சில சாதனங்களுக்கு 20 வீத வாட் வரி 5 வீதமாகக் குறையும். பில் போடுகிறவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.

அந்தப் பெண் பாத்ரூம் வாசலில் நின்று ஒரு விஷயம் செய்தார். கைத்தொலைபேசியில் ஷவரை ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி எனக்குக் காட்டினார். வெள்ளை டைல் இருந்தது. ஷவர் இல்லை. உண்மையில் இருந்தது, ஆனால் தேடவேண்டியிருந்தது. சுவரில் ஒரு மங்கல் கோடு, ஒரு மினுக்கம், அவ்வளவுதான். "உங்கள் அம்மா பார்ப்பது இதைவிடக் குறைவு" என்றார்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மேற்பரப்பு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சுத்தக் கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100 என்று அளப்பார்கள். ஒரு சாமானுக்கும் அதன் பின்னால் இருக்கிற சுவருக்கும் இடையில் 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது பிரித்தானியக் கட்டட வழிகாட்டிகளில் உள்ள அளவு. வைத்தியசாலைகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் கைபிடிகள் கடும் நீலத்தில் இருப்பது யாரோ நீலத்தை விரும்பியதால் அல்ல.

குரோமுக்கு இந்தக் கணக்கே சரிவராது. அது கண்ணாடி. தனக்கென்று நிறமில்லாமல் எதிரே இருப்பதை அப்படியே வாங்கிக் காட்டும். வெள்ளை அறைக்குள் வைத்தால் வெள்ளையாகிவிடும். விளக்கைப் போட்டால் அந்த விளக்கைக் கண்ணுக்குள் அடிக்கும். வேடிக்கை என்னவென்றால், பெயரே நிறம்தான். 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் சைபீரியாவிலிருந்து வந்த சிவப்புத் தாதுவில் இந்த உலோகத்தைக் கண்டார். அதன் சேர்வைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருந்ததால், நிறத்துக்கான கிரேக்கச் சொல்லையே இதற்குப் பெயராக வைத்தார்கள். மரகதத்தின் பச்சைக்கும் மாணிக்கத்தின் சிவப்புக்கும் இதுதான் காரணம். அப்படிப்பட்டது பாத்ரூமுக்குள் வந்து, நிறமே இல்லாததற்குப் பெயராகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குரோம் பைப் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் பித்தளைப் பைப். பித்தளையை வார்த்துக் கடைந்து, மினுக்கி, அதன்மேல் நிக்கல் முலாம், அதற்கும் மேல் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான குரோம். மினுக்கத்தில் பெரும்பங்கு நிக்கலுடையது. நிக்கலை மங்கவிடாமல் காப்பதுதான் மேலே இருக்கிற குரோமின் வேலை. 1920களில் குரோம் முலாம் தொழிற்சாலைகளுக்கு வருவதற்கு முன்னால் பணக்கார வீட்டுப் பைப்புகள் நிக்கலில் இருந்தன. அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக வைக்க ஓர் ஆள் வேண்டும். குரோம் வந்து அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியது. நூறு வருடமாகக் குரோம் எங்கும் பரவியதற்குக் காரணம் வடிவு அல்ல, துடைத்தால் போதும் என்பதுதான்.

இதை நான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னபோது அவர் பிடித்துக்கொண்டது ஒன்றை மட்டும்தான்.

"அப்ப உள்ளுக்குப் பித்தளையே?"

"ஓம் அம்மா."

"பிறகேன் மூடி வைக்கிறாங்கள்?"

அம்மாவுக்கு உலோகம் தெரியும். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, செப்புக் கிடாரம் எல்லாவற்றையும் கிணற்றடியில் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வளர்ந்தவர். கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்தே இது என்னவென்று சொல்வார். பார்க்கிங் சாலையில் உள்ள ஒரு பாத்ரூம் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனபோது, மாட்டியிருந்த கைஷவரைத் தொட்டுப் பார்த்து, "இது பிளாஸ்ரிக்" என்றார். விற்பனைப் பையன் சிரித்தான். ஆனால் உண்மை அதுதான். வால்வு பித்தளையாக இருந்தாலும் கையில் பிடிக்கும் ஷவர்த் தலைகள் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்ரிக். அதனால்தான் வெவ்வேறு கம்பனியில் துண்டு துண்டாக வாங்கினால் நிறம் ஒத்துவராது. ஒருவரின் பிரஷ்ட் பிராஸ் தேன், மற்றவரின் பிரஷ்ட் பிராஸ் கடுகு. எல்லாவற்றையும் ஒரே கம்பனியின் ஒரே வரிசையில் வாங்கவேண்டும் என்பது இந்த மூன்று கிழமையில் படித்த முதல் பாடம்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. இவருக்குக் குரோம், மலிவு, பிறகு வீட்டை விற்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். என் மகளுக்குப் பிரஷ்ட் பிராஸ். அவளுடைய சிநேகிதிகளின் வீடுகளில் அதுதானாம். பித்தளை நிறம் அம்மாவுக்கும் பிடித்திருந்தது. நானும் சில நாள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். முன்பெல்லாம் தங்க நிறப் பைப் என்றால் பித்தளைக்கு மேல் வாணிஷ். இரண்டு வருடத்தில் வாணிஷ் உரிந்து சொறி பிடித்ததுபோல ஆகிவிடும். எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்படியான தங்கப் பைப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே விருந்தினர் பாத்ரூமில் தங்கப் பைப், மேலே பிள்ளைகளுக்குக் குரோம். இப்போது வருவது வேறு விதம். காற்றை உறிஞ்சி எடுத்த கூண்டுக்குள் சேர்க்கோனியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கி, நைதரசனோடு சேர்த்து, பைப்பின்மேல் படிய விடுகிறார்கள். அதில் தங்கம் ஒரு பொட்டும் இல்லை, ஆனால் நிறம் தங்கம். குரோமைவிடக் கடினம், இலேசில் கீறாது. பி.வி.டி. என்று பட்டியலில் மூன்று எழுத்துப் போட்டிருந்தால் அது இந்த முறை.

ஆனால் பிரஷ்ட் பிராஸை வெள்ளை டைலில் வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் அது வெளிர் சாம்பலாகத்தான் நிற்கிறது. குரோமைவிட நல்லது, அவ்வளவுதான். டைலைக் கறுப்பாக்கினால் என்ன என்று மகள் கேட்டாள். ஏழரையடி அறையில் கறுப்புச் சுவர் போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும். அம்மாவுக்கு எல்லாவற்றையும்விட வெளிச்சம்தான் முக்கியம். அதனால் சுவர் வெள்ளை என்பது முடிந்த கதை. சுவர் வெள்ளை என்றால் உலோகம் கறுப்பு. கணக்கு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த இடத்தில் பிளம்பர் குறுக்கே வந்தார்.

பிளம்பர் வாலாஜாபேட்டைக்காரர். ஈஸ்ட் ஹாமில் யாழ்ப்பாணத்துத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் ஒரே கடை வாசலில் நின்று கதைக்கும். நான் பைப் என்பேன், அவர் குழாய் என்பார். நான் கல் பிடிக்கிறது என்பேன், அவர் உப்புக்கறை என்பார்.

"அக்கா, கருப்பு போடுறேன், பிரச்சினையில்ல. ஆனா இந்த ஊர் தண்ணிக்கு கருப்பு போட்டா தினமும் துடைக்கணும். எங்க ஊர் போர் தண்ணி மாதிரிதான் இது. ரெண்டே வாரத்துல வெள்ளை வெள்ளையா பூத்துடும்."

அவர் சொன்னது சரி. லண்டன் தண்ணீர் பெரும்பாலும் தேம்ஸ், லீ ஆறுகளிலிருந்து வருவது. இந்த ஆறுகளுக்கு ஊற்று, சீமைச் சுண்ணாம்பு மலைகள். மழைத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு இருந்தால் கடின நீர் என்பார்கள். லண்டனில் சாதாரணமாக அதற்கு மேல்தான். சூடாக்கினால் கரைந்திருந்தது திரும்பக் கல்லாகும். சூடாக்காமல் விட்டாலும் துளி காயும்போது வட்டமாக ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். கிளாஸ்கோவில் இருக்கிற என் தம்பி வீட்டுக் கெட்டில் பத்து வருடமாக உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு 1859இலிருந்து கட்ரீன் ஏரித் தண்ணீர், மென்நீர். இந்த நாட்டில் பைப்பின் நிறத்தைத் தெரிவு செய்யும்முன் எந்த ஊர் என்று பார்க்கவேண்டும்.

ஆனால் நாங்கள் இதற்குப் புதியவர்கள் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புக் கல். வலிகாமத்தின் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் கல்லில் இடிக்கும். கிணறு வெட்டுவது என்றால் கல்லை உடைப்பது. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைத் தகடு இருந்தது. அதைக் கரண்டியால் சுரண்டி எடுக்கும் வேலை எனக்கு. ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்து இந்தக் கெட்டிலைத் திறந்து பார்த்தபோது அதே தகடு. ஊர்த் தண்ணீரின் ருசி இங்கே இல்லை என்று அம்மா சொல்வார். கல் மட்டும் இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். அம்மாவின் கண்ணுக்குத் தேவையான கறுப்பின்மேல் இந்தத் தண்ணீர் வெள்ளையைப் பூசும். துடைக்காமல் விட்டால் சில மாதத்தில் கறுப்பு சாம்பலாகி, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய 30 புள்ளி கரைந்துகொண்டு போகும். வினாகிரியோ சந்தையில் விற்கும் கல் நீக்கியோ போட்டால் கறுப்புப் பூச்சுப் பழுதாகும். குரோமோ பிரஷ்ட் நிக்கலோ இந்தத் தண்ணீரைத் தாங்கும், கறையை மறைக்கும். ஆனால் தன்னையும் மறைக்கும். ஆக, கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல. தினமும் யார் துடைப்பது? வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிளம்பர் பாவம், நல்ல மனிதர். கறுப்பிலும் இரண்டு விதம் உண்டு, பெயின்ற் மாதிரிப் பூசியது விளிம்பில் உடையும், பி.வி.டி. கறுப்பு நிற்கும், இரண்டாவதையே எடுங்கள் என்று சொன்னார். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குரோமைப் பற்றிக் கதை வந்தது. அவருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் ராணிப்பேட்டை. அங்கே தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகள் செய்த தொழிற்சாலை ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அதன் கழிவு, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல், அங்கேயே குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும் என்றார். "அந்தப் பக்கத்துக் கிணத்துல யாரும் வாய் வைக்கமாட்டோம்க்கா." குரோம் முலாம் போடுகிற தொட்டியில் இருப்பதும் அந்த நச்சுக் குரோமியத்தின் உறவுதான். 2017 செப்டம்பருக்குப் பிறகு ஐரோப்பாவில் விசேட அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. மெல்ல மெல்ல நச்சுக் குறைந்த வேறு குரோமியத்துக்கு மாறுகிறார்கள். பைப்பில் வந்து ஒட்டிய குரோம் யாரையும் ஒன்றும் செய்யாது. செய்கிற இடத்தில்தான் செய்கிறது. இதைக் கேட்ட பிறகு இவர் குரோமுக்காகப் பெரிதாக வாதாடவில்லை.

ஆனால் தீர்ப்புச் சொல்லவேண்டியவர் அம்மா. பிளம்பர் கடையிலிருந்து மூன்று லீவர்களை மாதிரிக்கு வாங்கி வந்தார். குரோம், பிரஷ்ட் பிராஸ், கறுப்பு. குசினி மேசையில் வெள்ளை டைல்களை அடுக்கி, மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்தேன். அம்மாவை முன்னால் இருத்தி, "எடுங்கோ" என்றேன். கறுப்பை நேரே போய் எடுத்தார். பித்தளை நிறத்தை ஒருமுறை தடவி எடுத்தார். குரோமுக்கு அவருடைய கை நாலு விரற்கடை தள்ளிப் போய், டைலில் வந்து நின்றது. அவர் அதை ஒரு மாதிரி மேசையைத் துடைக்கிற செய்கையாக மாற்றிக்கொண்டார்.

மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் கதைக்கவில்லை.

"கறுப்பு வேண்டாம்" என்றார் அம்மா.

நான் ராசி, நாள், வீட்டுக்குக் கறுப்பு ஆகாது என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"கண் தெரியாத கிழவிக்கெண்டு செய்த பாத்ரூம் எண்டு வாற சனமெல்லாம் சொல்லும். நான் இன்னும் குருடில்லைப் பிள்ளை."

அவர் எப்படியெல்லாம் சமாளிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கோயிலில் யாராவது "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டால் குரல் பிடிபடும்வரை சிரித்துக்கொண்டே பொதுவாக ஏதாவது கதைப்பார். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். பத்திரிகையை இன்றைக்கும் மடியில் வைத்திருப்பார். அவருடைய கண் எவ்வளவு போய்விட்டது என்பது வைத்தியருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்பதுபோல அவர் நடத்திக்கொண்டிருந்தார். ஓ.டி. சொன்ன நீலக் கைபிடியை அவர் முதல் நாளே மறுத்ததற்கும் இதுதான் காரணம். நீலம் வைத்தியசாலையின் நிறம். அது சுவரில் நின்று எல்லோருக்கும் சொல்லிவிடும்.

இதைத் தீர்த்தது என் மகள். அவள் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, தொலைபேசியில் படம் படமாகத் தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றையும் வாயால் சொன்னாள். இது மான்செஸ்டரில் ஒரு புது ஹோட்டல், பைப் கறுப்பு. இது யாரோ நடிகையின் வீடு, ஷவர் கறுப்பு, துவாய் போடுகிற கம்பியும் கறுப்பு. இது அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் வீடு, போன வருடம் செய்தது, எல்லாம் கறுப்பு.

"இப்ப எல்லாரும் உதே போடுகினம்?"

"எல்லாரும்தான் அம்மம்மா. குரோம் இப்ப பழசு."

"அப்ப உனக்கு விருப்பமெண்டாப் போடுங்கோ. நான் என்ன, கொஞ்சக் காலம் குளிக்கிறதுதானே."

அவளுக்கு விருப்பம் பித்தளை நிறம் என்பது அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மாட் பிளாக் என்கிற இந்த மோஸ்தர் இன்னும் ஐந்து வருடத்தில் அவகாடோப் பச்சை போன வழியே போகும் என்றுதான் நான் நினைக்கிறேன். போகட்டும். இந்த வருடம் அது சரியான நேரத்தில் சரியான நிறத்தில் வந்து, என் அம்மாவுக்கு ஒரு மறைப்பைக் கொடுத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே அறைக்கு எங்களிடம் இருந்திருக்கக்கூடிய தெரிவு இரண்டுதான்: தெரியாத குரோம், சொல்லிக்கொடுக்கிற நீலம்.

மற்றதெல்லாம் கெதியாக நடந்தது. சுவரில் உள்ள கைபிடிகளும் கறுப்பு, 32 மில்லிமீற்றர் தடிப்பு, விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அளவு. வழுவழுப்பாக இல்லாமல் சின்னச் சின்ன வரி போட்டது, சவர்க்காரக் கையோடு பிடித்தாலும் வழுக்காது. ஷவரின் தலை தொங்குகிற கம்பியையே கைபிடியாக நினைத்து எவரும் பிடிக்கக்கூடாது, அது ஆளின் பாரத்தைத் தாங்கும்படி பூட்டப்பட்டதல்ல. கைபிடி வேறாக, பலமாகச் சுவருக்குள் போகவேண்டும். வால்வு, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்துகிற வகை. 38 பாகையில் ஒரு தடை இருக்கும், அதை அழுத்தினால்தான் மேலே போகும். 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு இன்னும் கெதியாக. குமிழ் வேண்டாம், லீவர்தான் என்றேன், வாதம் பிடித்த விரல்களுக்கு அதுதான் திரும்பும். பூட்டுகிற நாளில் அம்மா கதிரையைப் போட்டுக் குசினியில் இருந்து மேற்பார்வை செய்தார். வாலாஜாபேட்டைக்காரர் வால்வைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "பித்தளைதான்" என்று திருப்பிக் கொடுத்தார். "ஆமாம்மா, நல்ல வெயிட்டு" என்றார் அவர்.

குளிப்பதற்கு அம்மா ஷவரைத் திறந்து வாளியை நிரப்புகிறார். பிறகு ஷவரைப் பூட்டிவிட்டு, கோப்பையால் அள்ளி அள்ளி வார்க்கிறார். இத்தனை காசு போட்டுக் கட்டிய ஷவருக்குக் கீழே நிற்பது தலைமுழுகுகிற வெள்ளிக்கிழமை மட்டும்தான். கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்த்த உடம்பு, தலைக்கு மேலிருந்து தானாக விழுகிற தண்ணீரை நம்பவில்லை. ஆனால் லீவருக்குக் கை நேரே போகிறது. கதவுக்கு வெளியே நின்று நான் அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்: தட்டுவதில்லை, தடவுவதில்லை, ஒரே அசைவு, தண்ணீர்.

துடைக்கிற வேலைக்கு நான் ரப்பர்த் தகடும் மென்துணியும் வாங்கி வைத்து, வேலையால் வந்து செய்வது என்று நேரமும் ஒதுக்கியிருந்தேன். இரண்டாம் நாளே அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து அங்கே கொழுவிவிட்டார். குளித்து முடிந்ததும் முக்காலியில் இருந்தபடியே கைபிடி, லீவர், கம்பி எல்லாவற்றையும் துடைக்கிறார். கண்ணால் அல்ல. விரல் நுனியால் லீவரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, கடைசித் துளி தொங்குகிற இடத்தைக் கண்டுபிடித்துத் துடைக்கிறார். ஆறு மாதமாகிறது. நான் பார்த்து ஒன்றும் தெரியாத இடத்தில், "இதிலை கல் பிடிக்கத் தொடங்கியிட்டுது" என்று சொல்கிறார். குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. பித்தளைக்குச் செய்ததை இதற்கும் செய்யவேண்டும் என்று நிற்கிறார். புளிப்பு எதுவும் இந்தப் பூச்சுக்கு ஆகாது, பிளம்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார் என்று எத்தனை தரம் சொன்னாலும், உள்ளுக்குப் பித்தளைதானே என்கிறார். தேசிக்காய்களைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். நேற்று, "பழப்புளி எங்கை பிள்ளை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். கடையில் முடிந்துவிட்டது என்றேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எந்தக் கடையில் பழப்புளி முடிந்தது என்று அவர் கேட்கவில்லை. சேலைத் துண்டை உதறிக் கொழுவிவிட்டு, முன் அறைக்குப் போய்விட்டார்.